செய்தியும் சான்றுச்சுட்டும்: இணையக்காலப் பொதுநம்பிக்கை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

0. முன்னுரை

ஒரு செய்தியைக் கேட்பவர் அதை நம்புவதற்கு முன் எழுப்பும் முதல் வினா ‘யார் சொன்னது?’ என்பதாகும். தொலைவில் நடந்ததை நேரில் சென்று ஆராய்ந்து அறிவது பெரும்பாலோர்க்கு இயலாது. எனவே செய்தியை நம்புதல் என்பது பெரும்பாலும் அதனைச் சொன்னவரை நம்புதலேயாகும். சொன்னவர் யார், அவர் கண்டு சொன்னாரா கேட்டுச் சொன்னாரா என்பதைக் காட்டும் குறிகளை மொழிகள் இலக்கணத்தில் கொண்டுள்ளன. அச்சுத்தொழில் அக்குறிகளைத் தாளின் ஓரத்திலும் அடியிலும் பொறித்தது. இணையம் பரவிய பின்னர் அக்குறிகள் செய்தியிலிருந்து பிரிந்தன. இப்பிரிவு இந்தியாவில் எவ்வாறு நேர்ந்தது, அதன் விளைவு யாது, அக்குறிகளை மீட்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் எத்தகையன என்பவற்றை 2012ஆம் ஆண்டு முதல் 2024ஆம் ஆண்டு வரையிலான நிகழ்வுகளைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இதில் கருத்துச் செலுத்த வேண்டியதன் காரணம் இறுதிப் பகுதிகளில் விளக்கப்படும்.

1. மொழியில் சான்றுச்சுட்டு

1.1. பேசுபவர் தாம் கூறும் செய்தியை எவ்வழியாக அறிந்தார் என்பதைச் சுட்டும் இலக்கணக் கூறு ஈண்டுச் ‘சான்றுச்சுட்டு’ எனப்படுகிறது. அமெரிக்கப் பழங்குடி மொழிகளில் இத்தகைய கூறுகள் கட்டாயமாக வருவதைப் பிரான்சு போவாசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டினார். ரோமன் யாக்கப்சன் 1957இல் வெளியிட்ட ஆய்வில் இதனை வினையின் தனி இலக்கணக் கூறாக வகுத்தார். உலக மொழிகள் பலவற்றின் தரவுகளைத் தொகுத்து அலெக்சாந்திரா ஐகன்வால்டு எழுதிய நூல் 2004இல் வெளிவந்தது.

1.2. தமிழில் இப்பணியைச் செய்வது ‘-ஆம்’ என்னும் ஒட்டு. ‘அவன் வந்தான்’ என்பதற்கும் ‘அவன் வந்தானாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நிகழ்ச்சியைப் பற்றியதன்று. சொல்பவர்க்கும் செய்திக்கும் உள்ள உறவைப் பற்றியது. பின்னதில் சொல்பவர் ‘நான் காணவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்’ என்று தம் பொறுப்பை வரையறுத்துக்கொள்கிறார். தெலுங்கில் ‘-அட’, கன்னடத்தில் ‘-அந்தெ’, மலையாளத்தில் ‘-அத்ரே’ என்பன இதனையொத்த பணி செய்கின்றன. இந்தோ-ஆரிய மொழிகளுள் மராத்தியில் ‘ம்ஹணே’ என்னும் இடைச்சொல் உண்டு. வடமொழியின் ‘கில’ என்னும் இடைச்சொல்லும் பிறர்கூற்றைச் சுட்ட வருவதே. இந்தியில் இதற்கென ஒட்டு இல்லை. ‘கேள்விப்பட்டேன்’, ‘சொல்கிறார்கள்’ எனப் பொருள்படும் தொடர்களால் அக்குறை நிரப்பப்படுகிறது.

1.3. இங்கு ஒன்று கருதத்தக்கது. ‘-ஆம்’ செய்தியைக் கொண்டுவந்தவரின் பெயரைச் சொல்வதில்லை. சொல்பவர் கண்டவரல்லர் என்பதை மட்டுமே அது உணர்த்துகிறது. ஆயினும் கேட்பவர் விழிப்படைய அதுவே போதுமானது. வாய்மொழியில் ஒரு செய்தி கை மாறும் ஒவ்வொரு முறையும் சொல்பவர் அதனைத் தம் வாக்கியமாக மீண்டும் ஆக்க வேண்டியுள்ளது. அவ்வாறு ஆக்கும்போது ‘-ஆம்’ இடுவதா விடுவதா என்பதை அவரே முடிவு செய்கிறார். இம்முடிவு ஒரு சிறிய பொறுப்பேற்பு எனலாம்.

2. அச்சுக்காலத்தில் சான்றுச்சுட்டு

2.1. அச்சிட்ட தாள் தன்னை உண்டாக்கியவரின் குரலையும் முகத்தையும் காட்டுவதில்லை. இக்குறையைச் சட்டம் ஈடுசெய்தது. அச்சிடுவோரும் வெளியிடுவோரும் தம் இருப்பிடத்தை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என 1835ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டம், அச்சிடப்படும் ஒவ்வொரு நூலிலும் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் தெளிவாகப் பொறிக்கப்பட வேண்டும் என்றது. செய்தித்தாளில் ஆசிரியர் பெயரும் இடம்பெற வேண்டும் என்னும் விதி 1922இல் சேர்ந்தது. குடியேற்ற அரசு இவ்விதிகளைக் கண்காணிப்புக்காக இயற்றியது என்பதில் ஐயமில்லை. எனினும் ‘யார் சொன்னது?’ என்னும் வினாவிற்குத் தாளிலேயே விடை கிடைக்க இவை வழிசெய்தன. 1867ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் நடைமுறையில் இருந்து, 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்தால் நீக்கப்பட்டது.

2.2. செய்தி நடையும் தனக்கெனச் சான்றுச்சுட்டுகளை வளர்த்துக்கொண்டது. தமிழ்ச் செய்தித்தாள்களின் ‘எனக் கூறப்படுகிறது’, ‘எனத் தெரியவருகிறது’, ‘என நம்பப்படுகிறது’ போன்ற முடிபுகள் ‘-ஆம்’ என்பதன் எழுத்துவழக்கு வடிவங்களே. செய்தியின் தொடக்கத்தில் ஊர்ப்பெயரும் நாளும் இடுதல், செய்தி நிறுவனத்தின் பெயரைக் குறித்தல் ஆகியனவும் இவ்வகையினவே. பிரஸ் டிரஸ்ட் ஆப் இந்தியா 1949இல் பணி தொடங்கிய பின்னர், ஒரே செய்தி பல மொழி இதழ்களில் வெளிவந்தபோதும் அதன் மூலம் எது என்பது வாசகர்க்குத் தெரிந்தே இருந்தது.

2.3. அச்சுக்காலத்தில் வதந்தி இல்லை என்பது இதன் பொருளன்று. 1857ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வட இந்திய ஊர்களில் கைமாறிச் சென்ற சப்பாத்திகளின் தோற்றுவாயை ஆங்கில அலுவலரால் கண்டறிய இயலவில்லை. ஆசிரியன் பெயரற்று, கைமாறுவோர் அனைவர்க்கும் உரியதாகிவிடுவதே வதந்தியின் ஆற்றல் என்பதை உழவர் எழுச்சிகள் பற்றி 1983இல் வெளியான தம் நூலில் ரணஜித் குகா விளக்கியுள்ளார். 1934 சனவரி 15இல் நிகழ்ந்த பீகார் நிலநடுக்கத்தை அடுத்துப் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் திரட்டி ஆராய்ந்து 1935இல் வெளியிட்டார். மேலும் பேரழிவு வரும் என்னும் செய்திகளே அவற்றுள் மிகுதி. அச்சமடைந்த மக்கள் தம் அச்சத்திற்குப் பொருத்தமான செய்தியை நாடினர் என்னும் விளக்கத்திற்கு இவ்வாய்வு பின்னர் அடிப்படையாயிற்று.

ஆகவே வதந்தி புதியதன்று. இணையக்காலத்தில் புதியதாவது, வதந்தி வாய்மொழியின் ஆசிரியரின்மையையும் எழுத்தின் மாறாத வடிவத்தையும் ஒருங்கே பெற்றதாகும்.

3. 2012: முதல் எச்சரிக்கை

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகத்து 15 அன்று தொடங்கப்பட்டது. ஆயினும் பொதுநம்பிக்கையில் மின்வழிச் செய்தியின் தாக்கத்தை நாடு முழுவதும் உணர்ந்தது 2012இல்தான். அவ்வாண்டு சூலையில் அசாமின் கோக்ராஜார்ப் பகுதியில் இனமோதல் மூண்டது. அதனை அடுத்து, வடகிழக்கு மாநிலத்தார் பிற நகரங்களில் தாக்கப்படுவர் என்னும் குறுஞ்செய்திகள் பரவின. வேறு இடங்களில் எடுக்கப்பட்ட படங்கள் அசாம் நிகழ்ச்சிகளாகக் காட்டப்பட்டு இணையத்தில் வெளிவந்தன. ஆகத்து நடுப்பகுதியில் பெங்களூரிலிருந்து பல்லாயிரவர் இரயில் ஏறித் தம் ஊர்களுக்குப் புறப்பட்டனர். நடுவண் அரசு ஆகத்து 17 அன்று மொத்தக் குறுஞ்செய்திகளைத் தடைசெய்து, ஒருவர் ஒரு நாளில் ஐந்துக்கு மேல் அனுப்ப இயலாதவாறு கட்டுப்படுத்தியது.

அரசும் காவல்துறையும் அச்சத்திற்கு இடமில்லை என்று கூறியபோதும் மக்கள் புறப்படுவதை நிறுத்தவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. பெயரும் பதவியும் கொண்ட வாய்மொழியை விடப் பெயரற்ற குறுஞ்செய்தி வலிமை பெற்றது. அச்செய்தியை அனுப்பியவர் யாரெனத் தெரியாவிடினும், அது பெறுநரின் கைக்கு வந்தது உறவினர் வழியாக அல்லது நண்பர் வழியாக என்பதே இதற்குக் காரணம் எனலாம். செய்தியின் மூலத்தில் வைக்க வேண்டிய நம்பிக்கையைப் பெறுநர் செய்தியைக் கொண்டுவந்தவரிடம் வைத்தார்.

4. 2017-2018: குறி அகன்ற செய்தி

4.1. 2016 செப்டம்பருக்குப் பின் கைப்பேசி இணையத்தின் விலை இந்தியாவில் பெரிதும் குறைந்தது. வாட்ஸ்அப் செயலியைப் பயன்படுத்துவோர் இந்தியாவில் 20 கோடியர் என அந்நிறுவனம் 2017இன் தொடக்கத்தில் அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் சார்க்கண்டில் குழந்தை கடத்துவோர் பற்றிய செய்தி பரவி, இருவேறு நிகழ்ச்சிகளில் எழுவர் கொல்லப்பட்டனர். 2018இல் இக்கொடுமை பல மாநிலங்களில் தொடர்ந்தது. மே மாதம் தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியும், சூன் 8இல் அசாமின் கார்பி ஆங்லோங் பகுதியில் இளைஞர் இருவரும், சூலை 1இல் மகாராட்டிரத்தின் துலே மாவட்டத்திலுள்ள ராயின்பாடா என்னும் சிற்றூரில் நாடோடிச் சமூகத்தார் ஐவரும் கொல்லப்பட்டனர். சூன் 28இல் தெற்குத் திரிபுராவில் கொல்லப்பட்டவர், வதந்தியை நம்ப வேண்டா என ஊர்தோறும் அறிவிப்பதற்காக மாநில அரசுத் துறையால் அமர்த்தப்பட்டவர் ஆவார். உண்மையைச் சொல்ல வந்தவரே பொய்ச்செய்தியின் பொருளாகக் கொள்ளப்பட்ட இந்நிகழ்ச்சி, நம்பிக்கை எந்த அளவிற்குத் தலைகீழாயிற்று என்பதைக் காட்டும்.

4.2. இச்செய்திகளுடன் பரவிய காணொளி ஒன்றின் வரலாறு ஆய்விற்குரியது. இருசக்கர ஊர்தியில் வரும் ஒருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வதை அது காட்டியது. உண்மையில் அது பாகிசுத்தானின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுக்கப்பட்ட படமாகும். மூலப்படத்தின் இறுதியில் ஊர்தியில் வந்தவர் குழந்தையை மீண்டும் கொண்டுவந்து விட்டு, விழிப்புணர்வு வாசகம் எழுதிய தட்டியைக் காட்டுகிறார். இந்தியாவில் பரவிய வடிவத்தில் அவ்விறுதிப்பகுதி வெட்டப்பட்டிருந்தது. வெட்டப்பட்ட பகுதியே அப்படத்தின் சான்றுச்சுட்டு. ‘இது நடிப்பு, இன்னார் இன்ன நோக்கில் எடுத்தது’ என்பதை உணர்த்தும் பகுதி நீங்கியதும், எஞ்சியது கண்ணால் கண்ட உண்மைபோல் ஆயிற்று.

4.3. உரைச் செய்திகளின் மொழியமைப்பிலும் இதனையொத்த மாற்றத்தைக் காணலாம். மேலனுப்பும் செய்தியைப் பெறுநர் தம் வாக்கியமாக மீண்டும் ஆக்குவதில்லை, வந்தபடியே அனுப்புகிறார். எனவே ‘-ஆம்’ இடுவதற்கான இடமே இலக்கணத்தில் இல்லாமற் போகிறது. முதலில் எழுதியவர் ‘வந்திருக்கிறார்கள்’ என்று எழுதியிருப்பின், பதினாயிரமாவது பெறுநரும் ‘வந்திருக்கிறார்கள்’ என்றே படிக்கிறார்; ‘வந்திருக்கிறார்களாம்’ என்று படிப்பதில்லை. செய்தி எத்தனை கை மாறினும் கண்டவர் கூற்றாகவே நிற்கிறது.

இடத்தையும் காலத்தையும் சுட்டும் சொற்களும் இதற்குத் துணைசெய்தன. ‘நேற்று’, ‘நம் ஊர்’, ‘பக்கத்துத் தெரு’ போன்ற சொற்கள் பேசுபவரின் இடத்தையும் பொழுதையும் கொண்டே பொருள் பெறுவன. பேசுபவர் யாரெனத் தெரியாதபோது பெறுநர் தம் இடத்தையும் தம் பொழுதையும் அங்கு வைத்துப் பொருள் கொள்கிறார். ஆதலின் செய்தி பழமையடைவதில்லை. எவ்வூரில் படிக்கப்பட்டாலும் அவ்வூரின் செய்தியாகிறது. நாளும் ஊர்ப்பெயரும் இட்ட செய்தித்தாள் செய்தி மறுநாளே பழையதாகிவிடுவதை இதனுடன் ஒப்பிட்டுக் காணலாம்.

5. குறியை மீட்கும் முயற்சிகள்

5.1. கும்பற்கொலைகளைத் தடுப்பதற்கான நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2018 சூலை 17இல் வகுத்தது. அதற்கு ஒரு வாரம் முன்னர், சூலை 10இல், வாட்ஸ்அப் நிறுவனம் மேலனுப்பிய செய்திகளுக்குத் தனி அடையாளம் இடத் தொடங்கியது. அதே நாளில் பொய்ச்செய்தியைக் கண்டறியும் வழிகளை விளக்கி இந்தியச் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரங்களையும் வெளியிட்டது. மக்களின் நம்பிக்கையைப் பெறுவதற்கு இணைய நிறுவனம் அச்சுத்தாளை நாடியது குறிப்பிடத்தக்கது. அம்மாதமே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு விதிக்கப்பட்டது. 2019 சனவரியில் அவ்வரம்பு உலகெங்கும் விரிந்தது. 2020 ஏப்ரலில், பன்முறை மேலனுப்பிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாயிற்று. இதனால் அவ்வகைச் செய்திகள் 70 விழுக்காடு குறைந்தன என்று நிறுவனம் கூறியது.

மொழியியல் நோக்கில் மேலனுப்பற்குறி என்பது பொறி இடும் ‘-ஆம்’ ஆகும். அதுவும் சொன்னவர் பெயரைக் கூறுவதில்லை. அனுப்பியவருடைய சொல்லன்று என்பதை மட்டும் உணர்த்துகிறது. ஆனால் ‘-ஆம்’ பேசுபவரின் விருப்பத்தால் வருவது. இக்குறியோ தானே வருவது. உரையைப் படியெடுத்து ஒட்டி அனுப்பினால் இக்குறி வருவதில்லை. அனுப்புபவர் பொறுப்பேற்கும் செயலாக இது அமையவில்லை என்பதே இதன் எல்லை.

5.2. அரசு வேறொரு வழியை நாடியது. 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளங்காண இயலும் வகையில் பெருஞ்செயலிகள் அமைய வேண்டும் என்றன. அச்சிட்டவர் பெயரைக் கோரிய 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கமே இங்குப் புதிய வடிவில் வருகிறது. ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. அச்சகத்தார் பெயர் படிப்போர் அனைவர்க்கும் தெரிய நின்றது. முதல் அனுப்புநர் பெயரோ ஆணை பெற்ற அலுவலர்க்கு மட்டும் தெரியவேண்டியது. முன்னது வாசகர் நம்பிக்கைக்கும் உதவியது. பின்னது புலனாய்வுக்கு மட்டுமே உதவுவது. மறையாக்கத்தையும் தனிமை உரிமையையும் இது குலைக்கும் எனக் கூறி வாட்ஸ்அப் நிறுவனம் 2021 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

நடுவண் அரசைப் பற்றிய செய்திகளுள் எது பொய் என்பதை அரசே அமைக்கும் பிரிவு முடிவுசெய்யலாம் என்னும் திருத்தம் 2023 ஏப்ரலில் வந்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அதனைச் செல்லாதென அறிவித்தது. ஒரு தரப்பாரே தம்மைப் பற்றிய செய்திக்குச் சான்று வழங்குவது நம்பிக்கையை வளர்க்குமா என்னும் வினாவை இவ்வழக்கு முன்வைத்தது.

6. மொழிபெயர்ப்பில் சான்றுச்சுட்டு

6.1. பல மொழிகள் வழங்கும் நாட்டில் செய்தி மொழி கடக்கும் இடமே சான்றுச்சுட்டு எளிதில் இழக்கப்படும் இடமாகும். 2023 மார்ச்சுத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகக் கூறும் காணொளிகள் இந்தி வழங்கும் மாநிலங்களில் பரவின. அவற்றுள் சில பிற மாநிலங்களில் வேறு காரணங்களால் நிகழ்ந்தவற்றைக் காட்டின. தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் அச்செய்திகளை மறுத்துக் காணொளி வெளியிட்டார். பீகாரிலிருந்து அலுவலர் குழு ஒன்று வந்து தொழிலாளரை நேரில் கண்டது. அச்சமுற்ற தொழிலாளர்க்கு அவர்கள் மொழியிலேயே விளக்கம் கூறவேண்டியிருந்தது.

தமக்குத் தெரியாத மொழி வழங்கும் ஊரைப் பற்றிய காணொளியில், படத்திலுள்ள பேச்சும் பெயர்ப்பலகையும் பார்ப்பவர்க்குச் சான்றாவதில்லை. அதன்மீது அவர் மொழியில் எழுதப்படும் தலைப்பே அதன் பொருளாகிறது. தலைப்பு எழுதியவர் ஒருவகையில் மொழிபெயர்ப்பாளர். ஆனால் பெயரற்ற, மூலத்திற்குக் கட்டுப்படாத மொழிபெயர்ப்பாளர்.

6.2. பெயருள்ள மொழிபெயர்ப்பாளரும் இதில் கவனங்கொள்ள வேண்டியுள்ளது. தமிழ்ப் பேச்சில் வரும் ‘அடித்தார்களாம்’ என்பதை இந்தியிலோ ஆங்கிலத்திலோ ‘அடித்தார்கள்’ எனப் பெயர்த்தால் கேள்விச்செய்தி கண்ட செய்தியாகிறது. பிற மொழியில் உள்ள ‘எனக் கூறப்படுகிறது’ என்னும் தொடரைச் சுருக்கம் கருதித் தமிழில் நீக்கினாலும் அதுவே நேரும். மறுதலையாக, அலுவல்முறை அறிக்கையில் உறுதியாகக் கூறப்பட்டதை ‘-ஆம்’ இட்டுப் பெயர்த்தால் ஏளனப்பொருள் தோன்றி, மெய்ச்செய்தியும் ஐயத்திற்கு இடமாகிறது. மொழிபெயர்ப்புப் பயிற்சியில் கலைச்சொல்லுக்குத் தரப்படும் இடம் இவ்வொட்டுக்குத் தரப்படுவதில்லை. மறுப்புச் செய்திகளை அவசரமாகப் பல மொழிகளில் வெளியிடும் அலுவலகங்களில் இதன் தேவை மிகுதி.

7. முடிவுரை

7.1. பொதுநம்பிக்கை எவ்வளவு குறைந்துள்ளது என்பதை அளப்பது எளிதன்று. ஆக்சுபோர்டு ராய்ட்டர்சு ஆய்வு நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கையில், பெரும்பாலான செய்திகளைப் பெரும்பாலும் நம்புவதாகக் கூறியோர் இந்தியாவில் 38 விழுக்காட்டினர். பின்லாந்தில் 65 விழுக்காட்டினர். இந்தியக் கணக்கு ஆங்கிலம் அறிந்த இணையப் பயனர்களிடம் எடுக்கப்பட்டதாகும். தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் மட்டும் செய்தி படிப்போரின் நிலையை அது காட்டாது.

7.2. முதல் உலகப்போரின் பொய்ச்செய்திகளைப் பற்றி 1921இல் எழுதிய பிரெஞ்சு வரலாற்றறிஞர் மார்க் பிளாக், தணிக்கை செய்யப்பட்ட செய்தித்தாளைப் படைவீரர் நம்பாதொழிந்ததால் அகழிகளில் வாய்மொழிச் செய்தி மீண்டும் தழைத்ததைச் சுட்டிக்காட்டினார். பெயருள்ள மூலம் நம்பிக்கை இழக்குமிடத்துப் பெயரற்ற செய்தி வலிமை பெறும் என்னும் இக்கருத்து இணையக்காலத்திற்கும் பொருந்தும். எனவே பொய்ச்செய்தியைத் தடுப்பதோடு பணி முடிவதில்லை. பெயருள்ள மூலங்கள் தாம் அறிந்த வழியை மறைக்காமல் கூறுவதும் இன்றியமையாதது.

7.3. மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவது இது: இணையம் மக்களைப் பொய் நம்புவோராக ஆக்கிற்று என்பதைவிட, எதனை எவ்வளவு நம்பலாம் என்பதை அளந்தறியும் குறிகளைச் செய்தியிலிருந்து பிரித்தது என்பதே பொருந்தும். சட்டத்தாலும் பொறியாலும் அக்குறிகளில் ஒரு பகுதியே மீளும். எஞ்சிய பகுதி ஒவ்வொருவரும் செய்தியைத் தம் வாக்கியமாக ஆக்கிச் சொல்லும் பழக்கத்தில் உள்ளது. வந்த செய்தியை அப்படியே மேலனுப்பாமல், ‘இன்னார் சொன்னார்’ என்றோ ‘கேள்விப்பட்டேன்’ என்றோ தொடங்கி ஒரு வரி எழுத முற்படுபவர், அதனை எழுதும்போதே அச்செய்தியின் மூலம் தமக்குத் தெரியுமா என்பதை அறிந்துகொள்வார். பள்ளி மொழிப்பாடத்தில் ‘வந்தான்’, ‘வந்தானாம்’ என்பவற்றின் வேறுபாட்டை ஒட்டின் இலக்கணமாக மட்டும் கற்பிக்காமல், செய்தியை அளந்தறியும் முறையாகவும் கற்பித்தல் வேண்டும். இந்திய மொழிகளின் சான்றுச்சுட்டுகளை ஒப்பிட்டு, மொழிபெயர்ப்பாளரும் செய்தியாளரும் பயன்கொள்ளும் வகையில் ஒரு கையேடு தொகுப்பது மொழி நிறுவனங்கள் ஏற்கத்தக்க பணியாகும்.